அந்த ‘லாம்’ ரொம்ப முக்கியம் சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்துல 19 வருஷமா சயின்ஸ் எடுக்கிற டீச்சர், உங்க பேப்பரோட பழைய வாசகி. குறை சொல்லணும்னே எழுதுற ஆள் இல்ல நான், ஆனா இந்தக் கடிதத்த ஒரு குறையிலதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கு. 2025 செப்டம்பர்ல செவ்வாய் கிரகத்துப் பாறை ஒண்ணப் பத்தி நாசா சொன்ன செய்திக்கு நீங்க போட்ட தலைப்பு “செவ்வாயில் உயிர்கள் வாழ்ந்தது உறுதி”. அத எங்க ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கத்தரிச்சு நோட்டுல ஒட்டி, சுத்தி சிவப்பு பேனால கட்டம் கட்டி, ‘உறுதி’ங்கிற வார்த்தைக்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு போட்டு, பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னான். “மிஸ், கண்டுபிடிச்சிட்டாங்க மிஸ்”னு சொன்னான். அவன் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தப் பார்த்துட்டு உடனே இல்லடான்னு சொல்ல எனக்கு மனசு வரல. சொல்லித்தான் ஆகணும், சொன்னேன். அவன் திருப்பிக் கேட்டது இதுதான்: “அப்ப பேப்பர்ல பொய்யா மிஸ் போட்டிருக்காங்க?”

பொய் இல்லப்பான்னுதான் சொன்னேன். ஏன்னா செய்திக்குள்ள இருந்த விஷயம் முக்கால்வாசி சரிதான், நிருபர் நல்லாவே எழுதியிருந்தாரு. கீழ மூணாவது பத்தியில “உயிரினங்களால் உருவாகியிருக்கலாம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர்”னு தெளிவா இருந்துச்சு. அந்த ‘லாம்’தான் தலைப்புக்கு ஏறும்போது கீழயே விழுந்துடுச்சு. நம்ம மொழியில ‘இருந்தது’க்கும் ‘இருந்திருக்கலாம்’க்கும் நடுவுல ரெண்டு மூணு எழுத்துதான் வித்தியாசம், ஆனா இந்த விஷயத்துல அந்த ரெண்டு மூணு எழுத்துக்குள்ள அம்பது வருஷ உழைப்பு உட்கார்ந்திருக்கு, அதத்தான் உங்ககிட்ட விளக்கமா சொல்லணும்னு நினைச்சேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்தப் பாறை. நாசா அனுப்பின பெர்சிவரன்ஸ் ரோவர், அதாவது செவ்வாய்ல ஓடுற ரோபோ வண்டி, 2021 பிப்ரவரி 18 அன்னிக்கு ஜெசரோங்கிற பள்ளத்துல எறங்குச்சு. 45 கிலோமீட்டர் அகலமான பள்ளம், முன்னொரு காலத்துல அது ஏரி, ஒரு ஆறு வந்து அதுல கலந்து டெல்டா போட்டிருக்கு, அது மேல இருந்து எடுத்த படத்துலயே விசிறி மாதிரி தெரியும். அந்த ஏரிக்குத் தண்ணி கொண்டுவந்த ஆத்துப் பள்ளத்தாக்குலதான், 2024 ஜூலைல, செயாவா ஃபால்ஸ்னு அவங்க பேர் வச்ச ஒரு பாறையப் பார்த்தாங்க. ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல அகலம், செம்மண் நிறம், நடுவுல வெள்ளை வெள்ளையா கால்சியம் சல்பேட் ஓடுது, அதுவே தண்ணி பாறைக்குள்ள புகுந்து போனதுக்கு அடையாளம். அந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவுல சிறுத்தைத் தோல்ல இருக்கிற மாதிரி புள்ளிகள். ஒவ்வொண்ணும் மில்லிமீட்டர் கணக்குலதான், உள்ள வெளுத்து, ஓரம் மட்டும் கறுத்து. நான் அந்தப் படத்த ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பெருசாக்கி பசங்களுக்குக் காட்டினேன், ஒரு புள்ளியும் இன்னொரு புள்ளி மாதிரி இல்ல, ஓரம் நேரா இல்லாம கடிச்ச மாதிரி இருக்கு.

ரோவர்ல இருக்கிற கருவிங்க அந்தப் புள்ளிகள்ல பார்த்தது, ஓரத்துல விவியனைட்டுங்கிற இரும்பு பாஸ்பேட், நடுவுல கிரெகைட்டுங்கிற இரும்பு சல்ஃபைடு. கூடவே கரிமப் பொருள், அதாவது கார்பன் கலந்த பொருள், இருக்கிறதுக்கான அடையாளமும். இதுல என்ன பெரிய விஷயம்னா, பூமியில சேத்துக்கு அடியில, சதுப்பு நிலத்துல, ஏதாவது அழுகுற எடத்துலதான் விவியனைட் அடிக்கடி உண்டாகும். காத்து இல்லாத எடத்துல வாழுற நுண்ணுயிர்கள் நாம ஆக்ஸிஜனப் பயன்படுத்துற மாதிரி இரும்பையும் சல்பேட்டையும் பயன்படுத்தி கரிமப் பொருளத் தின்னும், தின்னு முடிச்சு விட்டுட்டுப் போற மிச்சம் இந்த மாதிரி கனிமங்களா இருக்கும். ஆக அந்தப் புள்ளி ஒரு சாப்பாடு முடிஞ்ச எடமா இருக்கலாம். இருக்க‘லாம்’.

ஏன் அதோட நிறுத்தணும்? ஏன்னா இதே கனிமங்கள் உயிரே இல்லாமலும் வர்றதுக்கு வழி இருக்கு. நல்ல சூடு இருந்தாலோ, அமிலத்தன்மை இருந்தாலோ வெறும் வேதியியலே இத செஞ்சிடும். அந்தப் பாறை அப்படிச் சூடானதுக்கான அடையாளம் தெரியலங்கிறதுனாலதான் விஞ்ஞானிகள் இவ்ளோ ஆர்வமா இருக்காங்க, ஆனா குறைஞ்ச சூட்டுலயே உயிர் இல்லாம வேற ஏதாவது வழியில நடக்குமான்னு நாம முழுசா தேடிப் பார்த்தாச்சான்னா இல்ல. அதனாலதான் நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல வந்த அவங்க கட்டுரை ‘உயிரின் தடயமா இருக்கக்கூடிய ஒண்ணு’ன்னு நிறுத்திக்குது. பாறைய ஒரு வருஷத்துக்கும் மேல அலசி, மத்த விஞ்ஞானிகள் குறுக்குக் கேள்வி கேட்டு, அதுக்கெல்லாம் பதில் சொல்லி எழுதின வாக்கியம் அது.

சார், நம்ம தமிழ்ல இதுக்குன்னே எவ்ளோ நல்ல வார்த்தைகள் இருக்கு பாருங்க. சந்தேகம், அறிகுறி, தடயம், ஆதாரம், நிரூபணம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு படி. காய்ச்சல் ஒரு அறிகுறி, காய்ச்சல்னு வந்தவங்களுக்கெல்லாம் டெங்குன்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கிறதில்ல, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்றாங்க. திருட்டு நடந்த வீட்டு வாசல்ல செருப்புத் தடம் இருந்தா அது தடயம், ஆள் பிடிபட்டான்னு அர்த்தம் இல்ல, வீட்டுக்காரரோட செருப்பாவே கூட இருக்கலாம். உயிர் தேடுறதுக்கும் இப்படி ஒரு படிக்கட்டு வேணும்னு நாசா விஞ்ஞானிகளே 2021-ல ஏழு படி போட்டு எழுதினாங்க. முதல் படி ஏதோ ஒரு சிக்னல் கிடைக்கிறது, ரெண்டாவது அது நம்ம கையோட அழுக்கு இல்லன்னு உறுதி பண்றது, அப்படியே ஏறி ஏழாவது படியில, தனியா வேற வேற வழியில பார்த்தவங்களும் அதேதான்னு சொல்றது. நாலாவது படிதான் எல்லாரும் மூச்சு வாங்குற படி, உயிர் இல்லாத எல்லா வழியையும் அடைக்கணும். இந்தப் பாறை இன்னும் அந்தப் படியத் தாண்டல. நீங்க போட்ட தலைப்பு ஏழாவது படியில நிக்குது.

இதச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லணும், இல்லன்னா நான் எல்லாத்தையும் சந்தேகப்படச் சொல்றேன்னு ஆகிடும். தண்ணி விஷயத்துல ‘லாம்’ தேவையே இல்ல. செவ்வாய்ல ஒரு காலத்துல தண்ணி ஓடுச்சு, தேங்கி நின்னுச்சு, இது நிரூபணம் ஆன விஷயம். ஆனா உங்க செய்தியில “தண்ணீர் இருந்ததாகக் கூறப்படுகிறது”ன்னு தயங்கித் தயங்கி எழுதியிருக்கீங்க, உயிர் விஷயத்துல உறுதின்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் அப்படியே எடம் மாறிக் கிடக்கு, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

தண்ணிக்கு எப்படி அவ்ளோ உறுதின்னா, வகுப்புல நான் ஒண்ணு செய்வேன். ஒரு கூழாங்கல்லையும் ஒரு ஜல்லிக்கல்லையும் பையில போட்டுட்டு, பசங்கள கண்ண மூடிக்கிட்டு கைய விட்டு எது ஆத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லச் சொல்வேன். ஒரு பிள்ளையும் தப்பா சொன்னதில்ல. முனை முனையா குத்துறது உடைச்ச கல்லு, வழவழன்னு உருண்டையா இருக்கிறது ஆத்துக் கல்லு, தண்ணி அத உருட்டி உருட்டி மத்த கல்லு மேல மோத விட்டு முனைய எல்லாம் தேய்ச்சிருக்கு. 2012-ல கியூரியாசிட்டி ரோவர் கேல் பள்ளத்துல எறங்கின கொஞ்ச நாள்லயே பார்த்தது இந்த மாதிரி உருண்டைக் கல்லுங்கதான், சிமெண்ட்ல பதிச்ச மாதிரி ஒரு பாறையில ஒட்டிக்கிட்டு. காத்து தூக்கிட்டு வர முடியாத சைஸ். அந்தக் கல்லோட சைஸ வச்சே கணுக்காலுக்கு மேல, இடுப்புக்குள்ள ஆழம், நாம நடக்கிற வேகத்துல ஓடின தண்ணின்னு கணக்குப் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, பல கோடி கிலோமீட்டர் தள்ளி, 300 கோடி வருஷத்துக்கும் முன்னாடி ஓடின ஓடைக்கு எவ்ளோ ஆழம்னு ஒரு கூழாங்கல் சொல்லுது.

அடுத்த வருஷமே அதே பள்ளத்துல களிமண் பாறையத் துளை போட்டுப் பார்த்தாங்க. அங்க இருந்த தண்ணி ரொம்ப உப்பும் இல்ல, ரொம்ப அமிலமும் இல்ல, நாமளே குடிச்சிருக்கலாங்கிற அளவுக்கு நல்ல தண்ணி. அப்புறம் சேத்து வெடிப்பு. ஏரி வத்தினா தரை எப்படி வெடிக்கும்னு எல்லாரும் பார்த்திருப்போம். ஒரே ஒரு தடவ காஞ்ச சேறுன்னா வெடிப்புகள் இங்கிலீஷ் T எழுத்து மாதிரி ஒண்ணோட ஒண்ணு முட்டும், திரும்பத் திரும்ப நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சதுன்னா மெதுவா Y எழுத்து மாதிரி சேர்ந்து ஆறு பக்கம் வச்ச கட்டமா மாறும். கியூரியாசிட்டி பார்த்தது ஆறு பக்கம் வச்ச கட்டம், 2023-ல அந்த ஆய்வு வந்துச்சு. அப்படின்னா அங்க ஒரு தடவ மழையோ வெள்ளமோ வந்துட்டுப் போனதில்ல, பருவம் மாதிரி ஏதோ ஒண்ணு வந்து வந்து போயிருக்கு. இன்னொரு எடத்துல அலை போட்ட வரி அப்படியே கல்லாகி இருக்கு, 6 மில்லிமீட்டர் உசரம், 4, 5 சென்டிமீட்டர் இடைவெளி, ஆழம் குறைஞ்ச தண்ணி மேல காத்து வீசினாத்தான் அப்படி வரி விழும், மேல ஐஸ் மூடியிருந்தா விழாது. அதாவது திறந்த ஏரி, மேல காத்து, கரைக்கு வந்த குட்டிக் குட்டி அலை. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்குது சார். தலைப்புல ‘உறுதி’ன்னு தைரியமாப் போடுங்க, இந்த அலைக்குப் போடுங்க.

தண்ணி விஷயத்துலயும் வழுக்கல் இல்லாம இல்ல. 2015 செப்டம்பர்ல செவ்வாய் மலைச்சரிவுகள்ல வெயில் காலத்துல வர்ற கறுப்புக் கோடுகள் உப்புத்தண்ணி ஓடுறதுதான்னு செய்தி வந்துச்சு, எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கம், நானும் போர்டுல பெருசா எழுதிப் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு 2017-ல, அந்தக் கோடுகள் காஞ்ச மணல் சரியிற அதே சாய்மானத்துலதான் நிக்குது, அது பெரும்பாலும் மணல் சரிவுதான்னு இன்னொரு ஆய்வு வந்துச்சு. அந்தச் செய்திய நான் எந்தப் பேப்பர்லயும் பார்க்கல. இன்னிக்கும் பொது அறிவுப் புத்தகங்கள்ல “செவ்வாயில் இப்போதும் நீர் ஓடுகிறது”ன்னு இருக்கு, பசங்க மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. முதல் செய்திய எட்டு பத்தி அகலத்துல போட்டா திருத்தத்துக்கு ஒரு பத்தி அகலமாவது வேணாமா.

ஒரு வார்த்தை எவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போகும்ங்கிறதுக்கு செவ்வாயே சாட்சி. 1877-ல இத்தாலிக்காரர் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கில பார்த்துட்டு ‘கனாலி’ன்னு எழுதினாரு, அவங்க மொழியில ஓடை, வாய்க்கால்னு இயற்கையா இருக்கிறதையும் சொல்லலாம், வெட்டினதையும் சொல்லலாம். இங்கிலீஷுக்கு வரும்போது வெட்டின கால்வாய்னு ஆகிப்போச்சு. வெட்டினதுன்னா வெட்டினவங்க வேணுமே. அமெரிக்காவுல லோவெல்னு ஒரு பணக்காரர் அதுக்காகவே ஒரு வானாய்வுக் கூடம் கட்டி, வருஷக்கணக்கா கால்வாய் கால்வாயா படம் வரைஞ்சாரு, தண்ணிப் பஞ்சத்துல தவிக்கிற ஒரு நாகரிகமே அங்க இருக்குன்னு புத்தகம் எழுதினாரு. 1965-ல மேரினர் 4 விண்கலம் பக்கத்துல போய் 22 படம் எடுத்து அனுப்பினப்போ ஒரு கால்வாயும் இல்ல, பள்ளம் பள்ளமா காஞ்ச தரை. இதுல இன்னொரு பக்கம் என்னன்னா, அந்த ஏமாத்தத்துல எல்லாரும் செவ்வாய் செத்த கிரகம்னு முடிவு பண்ணிட்டாங்க, ஆறே வருஷத்துல 1971-ல மேரினர் 9 போய் முழுசா சுத்திப் பார்த்தா நிஜமான காஞ்ச ஆத்துத் தடங்கள் இருக்கு. ‘இருக்கு’ன்னு அவசரப்பட்டதும் தப்பு, ‘இல்லவே இல்ல’ன்னு அவசரப்பட்டதும் தப்பு.

வைக்கிங் கதையத்தான் நான் பசங்களுக்கு ரொம்ப நேரம் சொல்றது. 1976-ல ரெண்டு வைக்கிங் லேண்டர் எறங்குச்சு, நேரடியா உயிரத் தேடுன முதல் கருவிங்க. அதுல ஒரு சோதனை ரொம்ப எளிமை, செவ்வாய் மண்ணு ஒரு சிட்டிகை எடுத்து அதுல சத்து கலந்த தண்ணியக் கொஞ்சம் சொட்டு விடணும், அந்தச் சத்துல கதிரியக்கக் கார்பன் கலந்திருக்கு, மண்ணுல ஏதாவது இருந்து தின்னா அந்தக் கார்பன் வாயுவா வெளிய வரும், கருவி கண்டுபிடிச்சிடும். வந்துச்சு சார். ரெண்டு எடத்துலயும் வந்துச்சு. அதே மண்ண 160 டிகிரில சுட்டுட்டு சொட்டு விட்டா வரல, உயிரோட இருந்தது செத்துப்போன மாதிரியே. அந்தச் சோதனைய வடிவமைச்ச கில்பர்ட் லெவின் கடைசி வரைக்கும் அது உயிர்தான்னு சொல்லிட்டிருந்தாரு. ஆனா பக்கத்துலயே இருந்த இன்னொரு கருவி மண்ண சூடாக்கி கரிமப் பொருள் தேடினா ஒண்ணுமே இல்ல, ஏதோ குளோரின் கலந்த வாயு கொஞ்சம் வந்துச்சு, அது பூமியில கருவியக் கழுவின திரவத்தோட மிச்சம்னு ஒதுக்கிட்டாங்க. உடம்பே இல்லாம உயிர் எப்படின்னு கேஸ முடிச்சாங்க.

32 வருஷம் கழிச்சு, 2008-ல ஃபீனிக்ஸ் லேண்டர் செவ்வாய் மண்ணுல பெர்குளோரேட்னு ஒரு உப்பு இருக்கிறதக் கண்டுபிடிச்சுச்சு. அந்த உப்போட சேர்த்து மண்ண சூடாக்கினா உள்ள இருக்கிற கரிமப் பொருள எரிச்சுடும், எரிக்கும்போது குளோரின் கலந்த அதே வாயுதான் வரும். அப்போ வைக்கிங் சூடாக்கினப்போ கரிமப் பொருள் இல்லாம இல்ல, தேடுற வேலையிலயே அத நாமளே எரிச்சிருக்கக்கூடும். இதக் கேட்டதும் வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிடும். இதனால வைக்கிங் உயிரக் கண்டுபிடிச்சுச்சுன்னு ஆகிடாது, அந்த மண்ணோட வேதியியலே அந்த வாயுவக் கொடுத்திருக்கலாம்னுதான் பெரும்பாலானவங்க இன்னிக்கும் சொல்றாங்க. ஆனா ஒரு பதிலச் சரியாப் படிக்க 32 வருஷம் ஆச்சு பாருங்க. இப்ப கியூரியாசிட்டி நிஜமாவே கரிமப் பொருள் இருக்குன்னு 2018-ல காட்டியாச்சு, 2025-ல இன்னும் நீளமான கார்பன் சங்கிலிகளையும் காட்டியாச்சு, கொழுப்பு அமிலம் உடைஞ்சு வந்ததா இருக்கலாம்னு சொல்றாங்க. அதுலயும் ‘லாம்’ இருக்கு, கவனிங்க.

செவ்வாய்லேர்ந்து விண்கல்லா வந்து விழுந்து, அண்டார்டிகாவுல 1984-ல கிடைச்ச கல்லு கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதுக்குப் பேரு ஏஎல்ஹெச் 84001. 1996-ல அதுக்குள்ள புழு மாதிரி நுண்ணுயிரோட புதைபடிவம்னு சொல்லி அமெரிக்க அதிபர் கிளின்டனே வந்து பேசினாரு. அப்புறம் ஒவ்வொரு ஆதாரமா எடுத்து உயிர் இல்லாமலும் இது வரும்னு காட்டிட்டாங்க. நான் அப்போ படிச்சிட்டிருந்தேன், எங்க டீச்சர் உயிர் இருக்குன்னு சொன்னாங்க, நாங்களும் நம்பினோம், அத யாரும் எங்களுக்குத் திருத்திச் சொல்லவே இல்ல, நானே டீச்சரானதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

செவ்வாய விடுங்க, நம்ம பூமியிலயே இது கஷ்டம். 2016-ல கிரீன்லாந்துல 370 கோடி வருஷப் பழைய பாறையில நுண்ணுயிர்க் கூட்டம் கட்டின மேடு மாதிரி புதைபடிவம் இருக்கு, இதுதான் பூமியோட ரொம்பப் பழைய உயிர்த் தடயம்னு ஒரு குழு சொல்லுச்சு. 2018-ல அபிகெயில் ஆல்வுட்டுங்கிற புவியியலாளர் குழுவோட அந்த எடத்துக்கே போய், அந்தப் பாறைய வேற பக்கத்துலேர்ந்து வெட்டிப் பார்த்தாங்க. முன்பக்கத்துலேர்ந்து கூம்பு மாதிரி தெரிஞ்சது பக்கவாட்டுல பார்த்தா நீள வரப்பு மாதிரி போகுது, அது உயிர் கட்டினது இல்ல, பூமி அழுத்தி மடிச்சதுன்னு சொன்னாங்க. ஒரே கல்லு, ரெண்டு பக்கம், ரெண்டு பதில். அந்த ஆல்வுட்தான் பெர்சிவரன்ஸ் ரோவரோட கையில இருக்கிற பிக்ஸல்ங்கிற எக்ஸ்ரே கருவிக்குத் தலைமை விஞ்ஞானியா இருந்தவங்க, அந்தச் சிறுத்தைப் புள்ளியில இரும்பும் பாஸ்பேட்டும் இருக்குன்னு காட்டினது அந்தக் கருவிதான். நேர்ல போக முடியிற, சுத்தியல் எடுத்துத் தட்ட முடியிற பாறையிலயே இவ்ளோ சண்டைன்னா, நாம அனுப்பின ஒரு கட்டளை போய்ச் சேரவே சில சமயம் 20 நிமிஷத்துக்கு மேல ஆகுற எடத்துல இருக்கிற பாறைக்கு எப்படி ஒரே நாள்ல ‘உறுதி’ போட முடியும்?

அதனாலதான் அந்தக் கல்ல இங்க கொண்டுவரணும்னு சொல்றாங்க. பெர்சிவரன்ஸ் கையில 43 டியூப் இருந்துச்சு. கல்லுல துளை போட்டு எடுக்கிற சாம்பிள் சாக்பீஸ் சைஸ்தான் இருக்கும், அத டியூப்ல போட்டு சீல் பண்ணிடும். அந்த 43-ல 5 டியூப் சாட்சி டியூப். அதுல கல்லே போட மாட்டாங்க. சாம்பிள் எடுக்கிற எடத்துல அதத் திறந்து, அதே வேலைய எல்லாம் செஞ்சு, மூடிடுவாங்க. நாளைக்கு கல்லு டியூப்ல ஏதாவது உயிர்ப்பொருள் தெரிஞ்சா, அது பூமியிலேர்ந்து ரோவர் மேல ஒட்டிட்டுப் போன அழுக்கான்னு சாட்சி டியூப்பத் திறந்து பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், அதுலயும் இருந்தா நம்ம அழுக்கு. வைக்கிங் காலத்துலயும் லேண்டர மொத்தமா 110 டிகிரிக்கு மேல ஒரு நாளுக்கும் அதிகமா சுட்டுதான் அனுப்பினாங்க. தன் மேல தானே சந்தேகப்பட்டு, அதுக்கு ஒரு காலி டியூப்பையும் தூக்கிட்டுப் போற இந்த நேர்மையத்தான் நான் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுறேன். அத விட்டுட்டு வெறும் முடிவ மட்டும் கொடுத்தா அது சயின்ஸ் இல்ல, குறி சொல்றதுதான்.

கொண்டுவர்றதுதான் இப்போ பெரிய சிக்கல். பழைய திட்டப்படி போனா 1,100 கோடி டாலர் வரைக்கும் ஆகும், 2040-க்கு முன்னாடி வந்து சேராதுன்னு நாசாவே 2024-ல சொல்லிடுச்சு. பத்து டியூப்ப ஒரு எடத்துல தரையில வச்சிருக்காங்க, இந்தப் புள்ளிப் பாறையோட டியூப் ரோவர் வயித்துக்குள்ளயே இருக்கு. சீனா தியான்வென் 3-ன்னு தனியா ஒண்ணு 2028 வாக்குல அனுப்பி மண்ணு எடுத்துட்டு வரப் போறதா சொல்லியிருக்கு. ஐரோப்பாவோட ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவர் ரெண்டு மீட்டர் ஆழம் துளை போடும், மேல கதிர்வீச்சு எல்லாத்தையும் சிதைச்சிடுங்கிறதால ஆழத்துல இருக்கிறதுக்கு மதிப்பு அதிகம். இதெல்லாம் செய்தி இல்லையா சார்? பாறை கிடைச்சதுக்கு முதல் பக்கம், அந்தப் பாறைய எடுத்துட்டு வர வழியில்லாம இருக்கிறதுக்கு உள்பக்கம் கூட இல்ல.

செவ்வாய் மட்டும் இல்ல. 2020-ல வெள்ளி கிரகத்து மேகத்துல, உயிரோட அடையாளமா இருக்கலாம்னு சொன்ன பாஸ்ஃபீன்ங்கிற வாயு, 2025 ஏப்ரல்ல 124 ஒளியாண்டு தள்ளி இருக்கிற கே2-18பி கிரகத்துல கடல் நுண்ணுயிர் விடுற மாதிரி ஒரு வாயு. ரெண்டுலயும் மத்தவங்க கணக்க மறுபடி போட்டதும் சிக்னல் இளைச்சுப்போச்சு, இன்னும் வாதம் ஓடிக்கிட்டிருக்கு. கே2-18பி-ல சொன்ன அந்த வாயு உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்துலயும் இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. உங்க பேப்பர்ல ரெண்டுக்கும் தலைப்புல கேள்விக்குறி போட்டிருந்தீங்க, அதுக்காக அப்பவே நன்றி சொல்லி எழுதணும்னு நினைச்சேன், எழுதாம விட்டுட்டேன், இப்ப சொல்லிக்கிறேன். ஆனா எனக்குக் கேள்விக்குறிய விட ‘லாம்’தான் பிடிக்கும், கேள்விக்குறி நமக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற மாதிரி இருக்கு, ‘லாம்’ இவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு சொல்லுது.

என்னோட வேண்டுகோள் பெருசா ஒண்ணும் இல்ல. தலைப்புல எடம் பத்தாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா ‘உறுதி’ங்கிற எடத்துல ‘தடயமா?’ன்னோ ‘வாழ்ந்திருக்கலாம்’னோ போட்டா அதே எடம்தான் பிடிக்கும். அப்புறம் படத்துக்குக் கீழ அது நிஜ நிறமா, நிறம் கூட்டினதா, இல்ல ஓவியமான்னு ஒரு வரி. 1976-ல வைக்கிங் எடுத்த படத்துல நிழல் விழுந்து மனுஷ மூஞ்சி மாதிரி தெரிஞ்ச அந்தக் குன்று, பின்னாடி தெளிவா எடுத்தப்போ வெறும் மேடுதான்னு தெரிஞ்சும், வாட்ஸ்ஆப்ல இன்னும் சுத்திக்கிட்டிருக்கு, பசங்க எனக்கே அனுப்புறாங்க. கடைசியா, நீங்க போட்ட பெரிய செய்தி ஒண்ணு பின்னாடி மாறினா, அதே பக்கத்துல, சின்னதாவாவது ஒரு திருத்தம்.

அந்தப் பையன் நோட்டுல ஒட்டினதக் கிழிச்சிட்டானான்னு நான் ரெண்டு நாள் கழிச்சு கேட்டேன். கிழிக்கல. அடுத்த பக்கத்துல அந்தப் பாறைய வரைஞ்சு, புள்ளி எல்லாம் வச்சு, கீழ ஒரு கணக்கு போட்டிருந்தான், 2040-ல தனக்கு என்ன வயசுன்னு. டியூப் வந்தா திறக்கிற லேப்ல வேலைக்குச் சேர எந்த குரூப் எடுக்கணும் மிஸ்னு கேட்டான், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லியிருக்கேன். அப்புறம் இன்னொண்ணு கேட்டான், அதுக்கு மட்டும் நீங்கதான் உதவணும். அந்த டியூப்கள் பத்தி புதுசா ஏதாவது முடிவானா, எடுத்துட்டு வர்றாங்கன்னாலும் சரி, அங்கேயே விட்டுட்டாங்கன்னாலும் சரி, உங்க பேப்பர்ல வருமான்னு கேக்கிறான். காலையில முதல் ஆளா ஸ்கூல் லைப்ரரில உங்க பேப்பர எடுக்கிறது அவன்தான் சார்.

இப்படிக்கு,
ஒரு அறிவியல் ஆசிரியை